பீங்கான் தொட்டிக்குள் ஒரு குரல்

ஆளுயரம் வளர்ந்த கள்ளிக்குப் பழைய தொட்டி போதவில்லை. காற்றடித்தால் சாய்ந்தது. பக்கத்தில் இரண்டு புதுத் தொட்டிகள் இருந்தன.

"என்னிடம் இரண்டு விரல் இடம்தான் கூடுதல். ஆனால் நான் கனம், சாயமாட்டேன். மிஞ்சின தண்ணீர் என் அடித்துளை வழியே போய்விடும்" என்றது மண்தொட்டி.

"நான் ஒரு சொட்டைக்கூட வெளியே விடமாட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் குடி" என்றது பெரிய பீங்கான் தொட்டி.

"எனக்கு அளந்து கொடுப்பவர் வேண்டாம்" என்று கள்ளி பீங்கானுக்குள் போனது.

இரண்டு மாதம் கழிந்தது. கள்ளி பச்சையாக, நிமிர்ந்தே நின்றது.

"சௌக்கியமா?" என்று மண்தொட்டி விசாரித்தது.

பதில் கள்ளியின் குரலில்தான் வந்தது. ஆனால் பீங்கானின் அடியிலிருந்து வந்தது.

"சௌக்கியம். தேங்கின தண்ணீரில் வேரோடு கரைந்து இங்கேயே தங்கிவிட்டேன். வலிக்கவில்லை. மேலே நிற்பது யார் என்றுதான் தெரியவில்லை."