சார்ஜ் ஏறும் வரை

வாசலில் இருக்கும் கேமரா வைத்த அழைப்பு மணிக்கு சார்ஜ் தீர்ந்தால், அது ஏறும் வரை யாராவது ஒருவர் வாசலில் உட்கார வேண்டும் என்பது அக்காவின் சட்டம். மறதி முற்றிய அப்பா ஒரு நாள் காலை வெளியே போனவர் போனவர்தான்.

"கொஞ்ச நேரத்துல என்ன குடிமுழுகிடப் போகுது?" என்றான் தம்பி.

"அவர் கதவைத் தட்டமாட்டாருடா. பெல் இல்லன்னா கோவிச்சுக்கிட்டுத் திரும்பிடுவாரு. உனக்கென்ன, நீ போய்ப் படு."

மணியைச் சுவரிலிருந்து கழற்றி, சமையலறை மேடையில் ஒயரைச் செருகி நிறுத்தி வைத்தாள். பிறகு வாசலில் நாற்காலி போட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மடியிலிருந்த கைபேசி அதிர்ந்தது. வாசலில் ஆள் வந்திருப்பதாக அறிவிப்பு. தெருவில் ஈ காக்கை இல்லை. கேமராவின் நேரலைப் படத்தைத் திறந்தாள். அடுப்பருகே அப்பா முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்பப்பா உள்ள வந்தீங்க?" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

சமையலறையில் யாரும் இல்லை. கைபேசியைப் பார்த்தாள். படத்தில் அவள் மூச்சிரைக்கச் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் உள்ளே வர வழிவிட்டு, அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார்.