வெட்டிய நான்கு நிமிடம்

முதல் குற்றம்: ஜலகண்டாபுரம் வலைப்பதிவர் சந்திப்பில் செங்கோடன் பேசிய பதினெட்டு நிமிடத்தில், யூடியூபில் மிஞ்சியது பதினான்கு.

இரண்டாவது: அடுத்த ஆண்டு சேந்தமங்கலத்தில், அவர் பேச்சு சூடுபிடித்த நேரத்தில் ஃபேஸ்புக் நேரலை நின்றது.

மூன்றாவது: போன ஆண்டு நாமக்கல்லில் பேசியவர்கள் இருபத்திரண்டு பேர். வலையேறிய பதிவுகள் இருபத்தொன்று.

மூன்றையும் தாளில் எழுதிக்கொண்டுதான் இந்த ஆண்டு சங்ககிரி மண்டபத்தில் மேடையேறினார் செங்கோடன்.

“பதிவு பண்றது, வலையில ஏத்தறது எல்லாம் கோகிலவாணி பொறுப்பு. மூணு தடவையும் காணாமப் போனது ஒரே சங்கதி. நான் முன்ன நின்னு நடத்துன மில் போராட்டத்தைக் காட்டிக் கொடுத்து, பதினோரு பேர் வேலையைப் பறிச்ச ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன் நாச்சிமுத்துன்னு சொல்லுவேனே, அது. ஏன் வெட்டுனா? நாச்சிமுத்து அவ அப்பன்!”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஸ்டாண்டில் செல்போனை வைத்து நேரலை ஓட்டிக்கொண்டிருந்த கோகிலவாணி தலைகுனிந்தாள்.

“கருத்துச் சுதந்திரம்னு பக்கம் பக்கமா எழுதுவாங்க. சொந்த அப்பான்னா மட்டும் கத்தரியா?” பின்வரிசையில் யாரோ சொல்லிச் சிரித்தார்கள்.

“ஏனம்மா கோகிலா, நிசமா?” என்றார் தொகுப்பாளர் சபரிநாதன்.

“வெட்டுனது நிசந்தானுங்க.”

“எதுக்கு?”

“அதை மட்டும் கேக்காதீங்க.”

“கேப்பேன்” என்றார் செங்கோடன். “உங்கப்பன் ஏன் காட்டிக் கொடுத்தான்னு இருபத்தெட்டு வருசமா கேட்டுட்டேதான் இருக்கறேன்.”

கோகிலவாணி எழுந்தாள். “மொத வருசம் முழுசாத்தான் ஏத்துனேனுங்க ஐயா. மில்லுல கிளார்க்கா இருந்தவரு அதைப் பாத்துட்டு, சம்பளத் தாளுங்களோட கலந்து வெச்சுக் கையெழுத்து வாங்குன அந்த ஒப்பந்தத்தைப் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பி வெச்சாரு. அப்பாகிட்டக் காட்டுனேன். ‘போராட்டத்தோட பேரு கெட்டா, நாளைக்கு எவஞ் சாமி சங்கத்துல சேருவான்? அந்தப் பேச்சை எடுத்துப்போடு’ன்னாரு.”

“கேட்டுக்குங்க! காட்டிக் கொடுத்தவனுக்குச் சங்கத்து மேல அக்கறை!”

செங்கோடன் அவள் பக்கம் கை நீட்டினார்.

“போட்டோ இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“கொண்டா. சாட்சிக்கு இத்தனை பேர் இருக்காங்க. நேரலையும் ஓடட்டும், உங்கப்பனும் பாக்கட்டும்.”

“ஊட்டுல பாத்துட்டுத்தான் இருக்காருங்க.”

கைப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். நீட்டியவள், மைக்கில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“பழைய தாளுங்க, எழுத்து மங்கல். படிக்க முடியலீன்னு சொல்லிட்டு உட்டுருங்க ஐயா.”

செங்கோடன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மைக்கை நெருங்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தார்.

“பதினோரு பேரையும் மறுபடி வேலைக்கு எடுக்கும்படி கோர மாட்டோம் என ஒப்புக்கொள்கிறோம். தொழிலாளர் தரப்பில் கையெழுத்து...”

நின்றுவிட்டார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“எழுத்து தெரியலீங்களா?” என்றார் சபரிநாதன்.

கோகிலவாணி போனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“தெரியுது.”

நேரலை ஓடிக்கொண்டிருந்த போனின் பக்கம் திரும்பி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

“மு. செங்கோடன்.”