வாசல் வழியே போகாதவர்கள்

மதிலின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான்.

ஒரு கால் வெளியே, தெருப் பக்கம். ஒரு கால் உள்ளே, மைதானத்தின் பக்கம்.

மதில் ஒன்பது அடி. மேலே இருந்து பார்த்தால் பன்னிரண்டு.

பதினோரு பேரில் பத்துப் பேர் குதித்துவிட்டார்கள். அவன்தான் பாக்கி. கோல்கீப்பர் கடைசியாகக் குதிக்க வேண்டும் என்பது வழக்கம். முதன்முதலில் தயங்கிய கோல்கீப்பர் யாரோ ஏற்படுத்தியதாக இருக்கலாம்.

இருபது அடி தள்ளி மைதானத்தின் வாசல். இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஓர் ஆடு உள்ளே போய்விட்டு, பிடிக்காமல் திரும்பி வந்தது.

ஜஹாசி கிளப்புக்காரர்கள் மட்டும் அந்த வாசலில் கால் வைப்பதில்லை.

அறுபத்தேழில் ஒருமுறை வைத்தார்கள். தான்சானியக் கடற்கரையில் கப்பல்துறைக் கூலிகள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். அதன் முதல் இறுதிப்போட்டி. ஏழு கோல் வாங்கினார்கள். எதிரணி வாசல்படிக்கு அடியில் எதையோ மந்திரித்துப் புதைத்திருந்தது என்று மறுநாள் தெரியவந்தது. தோண்டிப் பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வளவு சாமர்த்தியமாகப் புதைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து மதில்.

எழுபத்தொன்றில், ஐரோப்பாவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் கோட்டும் டையுமாக வாசல் வழியே நடந்து போனார். நான்குக்குப் பூஜ்யம். செவ்வாய்க்கிழமை விமானத்தில் அவரை ஏற்றிவிட்டார்கள்.

எண்பத்து மூன்றில் மைதானத்தார் மதிலை இரண்டடி உயர்த்தினார்கள். கிளப் உயரமான ஆட்களாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்தது.

தொண்ணூற்று நான்கில் மதிலேறிக் குதித்தும் தோற்றார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஒன்றுக்குப் போக வாசலைப் பயன்படுத்தியது நிரூபணமானது.

பிறகு மைதானத்தார் மதில் உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். கிளப் கோணிப்பை வாங்கியது. இப்போது அவன் உட்கார்ந்திருப்பது அதன் மேல்தான்.

மொத்தம் நான்கு கோப்பைகள். பதினேழு கணுக்கால்கள்.

கிளப்பின் பொன்விழா மலரில் கோப்பைகளுக்கு மட்டும் படம் போட்டிருந்தார்கள்.

அவனுடைய இடது முழங்கால் மூன்று வாரமாகச் சரியில்லை. படியிறங்கும்போது உள்ளே ஏதோ நழுவியது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட இல்லை. அவளுடைய தம்பி ஜுமானேதான் அணியின் கேப்டன்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. பதினாறு வருடமாக ஜஹாசி. இதற்குள் கிளப் மூன்று முறை இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. மூன்றிலும் அவன் மாற்று கீப்பர். மூன்றிலும் மதிலேறிக் குதித்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்து வீட்டுக்குப் போனான்.

இன்று நான்காவது. இன்றுதான் கோலில் நிற்கப் போகிறான்.

அடுத்த இறுதிப்போட்டி வரும்போது ஆட்டம் பார்க்க அவனை வரச்சொல்வார்கள். அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல். மதிலிலிருந்து குதித்து நொண்டுகிறவன் அன்று ஆடக் கூடாது. மதில் அவனை வேண்டாம் என்றுவிட்டதாக அர்த்தம். அவனைச் சேர்த்துக்கொண்டு ஆடினால் தோல்வி நிச்சயம். பதினோரு பேரும் ஒன்றாக, மதிலடியிலிருந்து உடைமாற்றும் அறைவரை முப்பது அடி நடக்க வேண்டும். அந்த நடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல டாக்டர் கோம்போ முன்கூட்டியே உள்ளே வந்து நிற்பார். அவருக்கும் மதில்தான். நான்கு பேர் பிடித்து இறக்கிவிடுவார்கள்.

அவர் பல் டாக்டர். ஆனாலும் கால்களை நன்றாகவே பார்ப்பார்.

வெளியே திரும்பிப் பார்த்தான். அவன் ஏறுவதற்குத் தோள் கொடுத்த மாற்று கீப்பர் ஹமீசி கீழே அண்ணாந்து நின்றிருந்தான். அவசரமே இல்லை, நிதானமாகவே குதிக்கலாம் என்று இரண்டு முறை சொல்லியிருந்தான். பணிவானவன். முழங்கால்கள் இரண்டும் புத்தம் புதியவை.

உள்ளே பார்த்தான்.

பத்துப் பேரும் மதிலடியில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவனுடைய தயக்கத்தைப் பார்க்கக் கூடாது என்கிற மரியாதை.

வெளிக்காலை எடுத்து உள்ளே போட்டான்.

உள்ளங்கை ஈரத்தைச் சட்டையில் துடைத்தான். மறுபடியும் ஈரமானது.

குதித்தான்.

வலது காலைத்தான் முதலில் ஊன்றுவதாக இருந்தான். மூன்று வாரமாக அதைத்தான் யோசித்து வைத்திருந்தான். இடது கால் முந்திக்கொண்டது. முழங்காலுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

சத்தம் வெளியே வரவில்லை. வாயை மூடியிருந்தான்.

டாக்டர் கோம்போ பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. குனிந்தான். நன்றாகக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தான். திரும்பக் கட்டினான்.

மைதானத்தில் நடுவரின் விசில் கேட்டது. கூட்டம் ஒரே குரலில் இரைந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பலாம் என்று கையசைத்தார்.

யாரும் கிளம்பவில்லை.

பக்கத்தில் ஜுமானே. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. போட்ட முடிச்சை அவிழ்த்து, அதையே மறுபடி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் இன்னொருவன். அவனுக்கும் அப்பால் இன்னொருவன்.

ஜுமானே தலையைத் தூக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

“மொதல்ல நீங்க எந்திரிங்க மச்சான். மூத்தவரு நீங்கதான்.”

அவன் அடுத்த ஷூவின் நாடாவை அவிழ்த்தான்.