தோள் பட்டால் நில்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு. அதில் செல்கள் குடியிருந்தன. அங்கே ஒரே சட்டம்தான்: பெருகிக்கொண்டே போகலாம், ஆனால் அடுத்தவர் தோள் பட்டதும் நின்றுவிட வேண்டும். யார் தலைமேலும் யாரும் ஏறக் கூடாது.

ஒருநாள் ஆய்வுக்கூடத்து அம்மாள் தார் வாடை அடிக்கும் ஒரு ரசாயனத்தைத் தட்டில் சொட்டினாள். சிலர் செத்தார்கள். மற்றவர்கள் முகம் சுளித்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்கள். துரைக்கண்ணு என்ற செல்லுக்கு மட்டும் தோள் மரத்துப் போயிற்று. அவன் இரண்டானான், நாலானான், பக்கத்திலிருந்த சிந்தாமணியின் தலைமேலேயே ஏறிவிட்டான்.

"தம்பி, கீழே நான் இருக்கேன்!" என்றாள் அவள்.

"அப்படியாக்கா? எனக்கு ஒண்ணும் படலையே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதெல்லாம் தோள் உறைக்கிறவங்களுக்கு."

நுண்ணோக்கியில் அந்தக் குவியலைப் பார்த்த அம்மாளுக்கோ ஒரே குஷி. துரைக்கண்ணுவை மட்டும் உறிஞ்சி எடுத்து, புதுத் தட்டில் விட்டு, புதுச் சாப்பாடும் ஊற்றினாள்.

"பாத்தீங்களா, திறமைக்கு மரியாதை!" என்று கத்திக்கொண்டே போனான் துரைக்கண்ணு.

புதுத் தட்டு சீக்கிரமே அவன் பிள்ளைகளால் நிறைந்தது. எல்லாம் அப்பனை உரித்து வைத்தவை. குவியல் ஏற ஏற, அடியில் கிடந்த துரைக்கண்ணுவுக்குச் சாப்பாடும் எட்டவில்லை, மூச்சும் முட்டியது.

"டேய், யாராவது இறங்குங்கடா! கீழே அப்பா இருக்கேன்!"

மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்படியாப்பா? எனக்கு ஒண்ணும் படலையே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."