ஈரத்துணி சுற்றிய தூக்கு

"ஒரு வாய் தண்ணி கேட்டா இல்லைங்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

அப்பாத்துரை போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற பஸ். சித்திரை மாத வெயில். ஜன்னலோரம் இசக்கிச்செல்வி. மடியில் ஈரத்துணி சுற்றிய ஒரு தூக்குவாளி, கையில் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர்.

பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பெரியவர் சுடலைமணிக்கு நாக்கு வறண்டுவிட்டது. "தாயி, ஒரு மடக்குத் தண்ணி தாயேன்" என்று அவளிடம்தான் கேட்டார்.

"இது குடிக்க ஆகாது தாத்தா" என்றவள், அதே தண்ணீரைத் தூக்கில் சுற்றியிருந்த துணியின் மேல் ஊற்றினாள்.

அதுதான் அப்பாத்துரைக்குப் பொறுக்கவில்லை. வாழைத்தார் வியாபாரி. எதிர்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியளா வே! வயசான மனுசன் தவிச்சு நிக்காரு. இவ துணிக்கு ஊத்துதா!"

"கல்நெஞ்சக்காரி" என்றாள் பின்சீட்டுப் பெண்.

"ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்தவ இப்படிச் செய்வாளா? எந்தச் சீமைக்காரியோ!" என்றது இன்னொரு குரல்.

இசக்கிச்செல்வி வாய் திறப்பதற்குள் அப்பாத்துரை எழுந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்.

"நீரு குடியும் அண்ணாச்சி. இவ என்ன செய்யுதான்னு பாப்போம்."

ஒரு வாய் குடித்த பெரியவர் முகத்தைச் சுளித்து, ஜன்னல் வழியே துப்பினார். ஒரே உப்பு. அந்த நேரம் பார்த்து பஸ் பள்ளத்தில் இறங்கி ஏற, பாட்டில் கை நழுவி விழுந்தது. தண்ணீர் முழுவதும் சீட்டுக்கடியில் ஓடியது.

"ஐயோ, அம்புட்டும் போச்சே!" இசக்கிச்செல்வி பதறினாள். "குடிக்க ஆகாதுன்னு சொன்னேம்லா! பஸ் ஸ்டாண்டுல கை கழுவுத குழாயில பிடிச்ச தண்ணி அது."

"பின்ன எதுக்கு அதைச் சொமந்துக்கிட்டு வார?" என்றார் அப்பாத்துரை.

அவள் தூக்கைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள்.

"இன்சுலின். எம் மவளுக்கு எட்டு வயசு. தெனமும் ஊசி போட்டாத்தான் உசுரு. சூடு பட்டா மருந்து கெட்டுரும். மருந்துக்கடையில குடுத்த ஐஸு செய்துங்கநல்லூர் வருமுன்ன கரைஞ்சு போச்சி. அப்படி ஆயிட்டா துணியைச் சுத்தி நனைச்சுக்கிட்டே இருன்னு நர்சம்மா சொல்லியிருக்காவ. காத்துல ஈரம் ஆவியாகும்போது தூக்குல இருக்க சூட்டையும் இழுத்துக்கிட்டுப் போயிருமாம். துணி காஞ்சா அவ்வளவுதான்."

சுடலைமணி தூக்கைத் தொட்டுப் பார்த்தார். அந்த அனல் காற்றிலும் அது மண்பானை மாதிரிக் குளிர்ந்திருந்தது. ஆனால் ஜன்னல் பக்கத்துத் துணி அதற்குள் காயத் தொடங்கியிருந்தது.

"எந் தாகம் கெடக்கட்டும்" என்றார் அவர். "மொதல்ல பிள்ளை மருந்துக்குத் தண்ணி பாருங்கய்யா."

கண்டக்டர் மாரிராஜ் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யார்ட்டயாவது தண்ணி இருக்கா?"

ஒரு பையின் ஜிப் திறந்தது. தொடர்ந்து இன்னொன்று. கட்டைப்பையிலிருந்து, கைப்பையிலிருந்து, சீட்டுக்கடியிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வெளியே வந்தது. 'கல்நெஞ்சக்காரி' என்றவளிடம் மட்டும் இரண்டு இருந்தன.

எல்லோருக்கும் முந்தி நீண்டது அப்பாத்துரையின் பாட்டில். ஐஸ் தண்ணீர். குளிர் இன்னும் போகாமல், அதன் மேலெல்லாம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது.