பெல்ஜியத்துக்காரன்

“இன்னைக்கு நீ யாரு?” என்று கேட்டாள் மோர்வென்.

“பெல்ஜியத்துக்காரன்” என்றார் அவள் கணவர் இத்வல். “சைக்கிள்ல வந்தவன்.”

போன மாதம் அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். அதற்கு முந்தின மாதம் ஜப்பானிலிருந்து வந்த தம்பதி. இரண்டு பேருமே அவர்தான்.

ஆற்றங்கரைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்.

அவர்கள் போனது ஒரு புதையல் விளையாட்டுக்கு; புதையல் என்று பெயர்தான். இடிந்த மாளிகையைத் தாண்டினால், ஆற்றோரத்து மரத்தின் வேரடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில். செல்போன் காட்டும் வழியில் தேடி வந்து கண்டுபிடிப்பவர்கள் பெயரும் ஊரும் போட்டு இரண்டு வரி எழுத வேண்டும். அதையே போனிலும் பதிந்தால், டப்பாவை ஒளித்து வைத்தவருக்கு உடனே போய்ச் சேரும்.

ஒளித்து வைத்தது எலெரி. அவர்களுடைய ஒரே மகள்.

நாலு வருடத்துக்கு முன் அவள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார் இத்வல். இவர்கள் வெல்ஷ்காரர்கள்; மாப்பிள்ளை ஆங்கிலேயன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், ரக்பி பார்க்காதவன். சொன்னபடியே போகவில்லை. வாழ்நாளில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான். அவரைத் தனியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் மோர்வெனும் போகவில்லை. அதன்பிறகு எலெரி போனை எடுப்பதில்லை. கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை.

டப்பாவை மட்டும் எடுத்துவிடவில்லை.

ஆகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வழியில் மோர்வென் என்ற அம்மாளைச் சந்தித்தார்கள். அவளுக்கு முழங்கால் தேவலை, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சமையலறையில் ஒழுகல் நின்றுவிட்டது என்று நோட்டிலும் போனிலும் எழுதிவிட்டுப் போனார்கள்.

மாளிகை வந்தது. கூரை கிடையாது. ஜன்னல் வழியாகக் கொடி உள்ளே போயிருந்தது. அறுபது வருடமாகப் பார்த்த சுவரை இத்வல் நின்று நிதானமாகப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

“வியாழக்கிழமை நெஞ்சைத் திறக்கப்போறாங்கன்னு எழுது” என்றாள் மோர்வென்.

“பெல்ஜியத்துக்காரனுக்கு என் நெஞ்சைப் பத்தி என்ன தெரியும்?”

“வெல்ஷ் மட்டும் தெரியுமாக்கும். அந்த ஜப்பான்காரங்க நம்ம சேப்பல் பாதிரியாரை விட நல்ல வெல்ஷ்ல எழுதிட்டுப் போனாங்க.”

நாலு வருடத்தில் இது இத்வலுக்குத் தோன்றவே இல்லை. மகளுக்கு ஆங்கிலத்தில் எழுத அவருக்குக் கை வராது.

“கத்துக்கிட்டிருப்பாங்க” என்றார்.

மரத்தடியில் அவரால் குனிய முடியவில்லை. மோர்வென்தான் டப்பாவை எடுத்தாள்.

நோட்டு புதிது. பழையதை எடுத்துக்கொண்டு புதியது வைக்க ஒளித்தவருக்கு மட்டும்தான் உரிமை. வந்திருக்கிறாள். பெற்றவர்கள் வீடு இங்கிருந்து இரண்டே மைல்.

முதல் பக்கத்தில், போன சனிக்கிழமை தேதி போட்டு, எலெரியின் கையெழுத்து:

“இங்கு வரும் வெளியூர் நண்பர்கள் எல்லோருக்கும் நன்றி. நாலு வருடமாக அந்த அம்மாளைப் பற்றியே எழுதுகிறீர்கள். அந்த வீட்டில் ஒரு பெரியவரும் இருக்கிறார். அவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவராவது எழுதக் கூடாதா?”

மோர்வென் பென்சிலை நீட்டினாள்.

முதலில் ஊரைப் போட்டார், பெல்ஜியம் என்று. பிறகு நெடுநேரம் எழுதினார். வியாழக்கிழமை, காலை எட்டு மணி, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு. பயமாக இருக்கிறது என்றும் எழுதினார்.

பெயருக்கு விட்ட இடத்தில் பென்சில் நின்றது. பெல்ஜியத்துக்காரனுக்கு அவர் இன்னும் பெயர் யோசித்திருக்கவில்லை.

‘அப்பா’ என்று போட்டார்.

ஊரை அடிக்கவில்லை. அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.