பதியாத விரல்

விரல்நுனியில் இருக்கும் மேடுபள்ளங்களை வைத்துத்தான் வருகைப்பதிவு இயந்திரம் ஆளை அடையாளம் காண்கிறது. துப்புரவுப் பணியாளர்களுக்கு இதை நான் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் என் அக்கா செந்தாமரையும் நின்றாள். வீடுவீடாகப் பாத்திரம் தேய்த்து என்னைப் படிக்கவைத்தவள். அவள் விரலில் ரேகையே மிச்சமில்லை. மூன்று முறை வைத்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"அப்போ இன்னிக்கு ஆப்சென்ட்தான்," என்றார் மேற்பார்வையாளர். "ஆபீசர் யாராவது தெரியும்னு கையெழுத்துப் போட்டா உண்டு. இந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா சார்?"

நான் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினேன்.

அக்கா முந்திக்கொண்டாள். "சாரு பெரிய இன்ஜினியரு. அவருக்கு என்னை எப்படிங்க தெரியும்?"

இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க," என்றேன்.